எண்பத்தேழாம் டோக்கன்

சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு டோக்கன் கவுண்டரின் கண்ணாடியை விரல் முட்டியால் தட்டியவர், தொற்றுத் தடுப்புப் பிரிவு நர்ஸ். அவர் தட்டினால் யாருக்கோ கெட்ட நேரம் என்று அந்த ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தெரியும்.

“அண்ணே, திங்கட்கிழமை ரிஜிஸ்டர் வேணும்.”

உள்ளே இருந்தவர் ரிஜிஸ்டர் மேல் கையை வைத்துக்கொண்டார். பதினெட்டு வருடமாக அதே நாற்காலி. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. மற்றபடி எல்லோருக்கும் அவர் டோக்கன் அண்ணன்.

“என்ன சிஸ்டர் விஷயம்?”

“வெளியே ஒரு கிளினிக்ல அஞ்சு வயசுப் பொண்ணுக்குத் தட்டம்மைன்னு உறுதியாயிடுச்சு. அம்மாக்காரி வீட்டு வாசலைத் தாண்டலைன்னு சாதிக்கிறா. பொண்ணு என்னடான்னா, திங்கட்கிழமை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன்னு டாக்டர்கிட்ட ஒப்பிச்சிருக்கு. பேரு இந்தச் சீட்டுல இருக்கு, தேடிக் குடுங்க.”

சீட்டைப் பிரிக்கவே வேண்டியதில்லை. அவருடைய தங்கை மகள்தான்.

ஊர் முழுக்கத் தட்டம்மை. காய்ச்சல் என்று யார் வந்தாலும் கட்டடத்துக்குள் விடக்கூடாது, பக்கத்துப் பந்தலில்தான் பார்க்க வேண்டும் என்று மூன்று வாரமாக உத்தரவு. அதைக் கண்ணாடியில் ஒட்டியவரே அவர்தான். திங்கட்கிழமை பந்தல் வரிசை தெருமுனை வரை நீண்டிருந்தது. தங்கை போன் செய்தாள். “அண்ணா, வெயில்ல குழந்தை துவண்டு போகுது. உள்ளே அண்ணன்னு ஒருத்தன் இருந்து எனக்கு என்ன பிரயோஜனம்?”

அந்த ஒரு கேள்வி போதுமானதாக இருந்தது. ஊழியர்கள் வரும் பின்கதவைத் திறந்துவிட்டார். டோக்கன் கிழிக்கவில்லை, பெயர் எழுதவில்லை. மாடியில் குழந்தைகள் புற்றுநோய் வார்டுக்கு முன்னால் இருந்த காத்திருப்பு அறை காலியாக, குளுகுளுவென்று இருந்தது. அங்கே உட்காரவைத்து, தெரிந்த டாக்டரை அனுப்புவதாகச் சொன்னார். டாக்டர் வரவில்லை. பன்னிரண்டு மணி வரை பார்த்துவிட்டுத் தங்கை முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டாள். புதன்கிழமை குழந்தையின் முகத்தில் சிவப்புத் தடிப்புகள். “இங்கே வந்ததை யார்கிட்டேயும் மூச்சு விடாதே” என்று போனில் சொன்னவரும் அதே அண்ணன்தான்.

அறையில்தான் வேறு யாரும் இல்லையே என்று மூன்று நாளாகத் தனக்குத்தானே ஜோசியம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“பத்து நிமிஷம் குடுங்க சிஸ்டர்.”

நர்ஸ் நகர்ந்ததும் ரிஜிஸ்டரைப் புரட்டினார். பேர் இல்லை என்று கைவிரித்துவிடலாம். மனசு கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால் வேலை போகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து கண்ணில் பட்டது. எண்பத்தேழாம் டோக்கன். வாங்கிய ஆளைக் கூப்பிட்டபோது காணோம். பெயர் எழுத வேண்டிய இடத்தில் பென்சிலில் ‘வரவில்லை’ என்று குறித்திருந்தார். அதை அழித்துவிட்டு, மேலே தங்கை மகளின் பெயரை எழுதினார். குழந்தை வந்தது தெரிந்துவிடும், பார்க்க வேண்டியவர்களைப் பார்த்துக்கொள்வார்கள். எந்த வழியாக வந்தால் என்ன?

நர்ஸின் முகம் மலர்ந்தது. “எண்பத்தேழு! கீழ் ஹால். அம்மாக்காரி காய்ச்சலை மறைச்சு வந்திருக்கா. உங்களை மாதிரி ரிஜிஸ்டர் வைக்க இன்னொருத்தர் பொறந்துதான் வரணும்ணே.”

பாராட்டு நெஞ்சில் முள்ளாக இறங்கியது.

அடுத்த ஒரு மணி நேரத்தில் நர்ஸ் கவுண்டரையே கட்டுப்பாட்டு அறையாக்கிவிட்டார். திங்கட்கிழமை அந்த நேரத்தில் ஹாலில் இருந்த அறுபது பேருக்கும் போன் பறந்தது. சிலர் ஓடி வந்தார்கள். சிலர் எங்களுக்கு ஒண்ணுமில்லை என்று போனை வைத்தார்கள். ஹாலில் ஒரு பெரியவர் இருமியதும் அந்த பெஞ்சே காலியானது. “ரெண்டு தடவை இருமினா படுத்துக்கவே இடம் கிடைக்கும் போலிருக்கே” என்று அவர் காலை நீட்டினார்.

நர்ஸ் குளிர்பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒன்பது சிறிய மருந்துக் குப்பிகள்.

“தடுப்பூசி போடற வயசு வராத கைக்குழந்தைக்கு இதுதான். எதிர்ப்புச் சக்தியையே நேரா ஏத்துற ஊசி. ஆறு நாளுக்குள்ள போடணும். நாளைக்குப் பகலோட கெடு முடியுது. ஹால்ல இருந்தது ஒன்பது கைக்குழந்தை. கச்சிதம்.”

“மேல... புற்றுநோய் வார்டுப் பிள்ளைங்களுக்கு?”

“அங்க யாரும் போகலையே, நம்ம நல்ல நேரம். போயிருந்தா முதல் ஊசியே அதுங்களுக்குத்தான். தடுப்பூசியும் போட முடியாது, வந்தா உடம்பு தாங்கவும் தாங்காது.”

“காலி ரூம்ல உக்காந்துட்டுப் போனா ஒண்ணும் ஆகாதில்ல, சிஸ்டர்?”

“என்னண்ணே இப்படிக் கேட்டுட்டீங்க? ஆள் எழுந்து போனப்புறமும் ரெண்டு மணி நேரம் காத்துலயே நிக்கும். பின்னாடி வந்து உக்கார்றவன்தான் மாட்டுவான்.”

திங்கட்கிழமை பன்னிரண்டு மணி. பன்னிரண்டரைக்கு அந்த வார்டில் மருந்து ஏற்றும் மதிய முறை தொடங்கும்; பிள்ளைகள் அதே அறையில்தான் காத்திருப்பார்கள்.

முதல் கைக்குழந்தைக்கு ஊசி போட்டாகிவிட்டது. அழுகை ஹாலை நிறைத்தது. இரண்டாவது குழந்தைக்கும் போட்டார்கள். அவர் சொல்ல வாயெடுத்தார். ஒருவன் கண்ணாடிக்குள் கையை நீட்டி “எலும்பு டாக்டருக்கு ஒரு டோக்கன்” என்றான். டோக்கனைக் கிழித்துக் கொடுத்தார். அந்த அரை நிமிடத்துக்கு அவன் மேல் நன்றிகூட வந்தது. அது என்ன நன்றி என்று உறைத்தபோது தன் மேலேயே அருவருப்பு வந்தது.

மூன்றாவது தாய் குழந்தையின் சட்டையை விலக்கிக்கொண்டிருந்தாள்.

“நிறுத்துங்க!”

கவுண்டர் கதவை இடித்துத் திறந்துகொண்டு ஓடினார். ஹாலே திரும்பிப் பார்த்தது.

“எண்பத்தேழு பொய், சிஸ்டர். காலையில நான் எழுதினது. அது என் தங்கச்சி மக. ஹாலுக்கே வரலை. பின்கதவு வழியா நான்தான் மாடிக்குக் கூட்டிட்டுப் போனேன். புற்றுநோய் வார்டு ரூம்ல பன்னெண்டு மணி வரைக்கும் உக்காந்திருந்தா.”

நர்ஸ் கையிலிருந்த ஊசி அந்தரத்தில் நின்றது. திட்டுவார் என்று டோக்கன் அண்ணன் தலையைக் குனிந்தார். திட்டவில்லை.

“பன்னெண்டரை முறைக்கு எத்தனை பிள்ளைங்க?”

“நாலு.”

“எடைக்குத் தகுந்த மாதிரி போடணும். எட்டுக் குப்பியாவது வேணும்.” நர்ஸ் குளிர்பெட்டியைப் பார்த்தார். “ஏழுதான் இருக்கு.”

ஒரு குப்பிக்காகப் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ் கிளம்பியது. ‘அப்போ என் பிள்ளைக்கு?’ என்று கத்திய தாயிடம், ஆபத்தில்லை என்று நர்ஸ் திரும்பத் திரும்பச் சொன்னார். ஏற்கெனவே ஊசி வாங்கிய ஒரு குழந்தை இன்னும் விசும்பிக்கொண்டிருந்தது, எதற்கென்றே தெரியாமல்.

“கண்காணிப்பாளர்கிட்ட அப்புறம் போகலாம்” என்றார் நர்ஸ். “முதல்ல அந்த நாலு வீட்டுக்கும் நீங்களே போன் பண்ணுங்க. உங்க குரல்னா உடனே கிளம்பி வருவாங்க.”

மூன்று வீடுகளில் பெண்கள் எடுத்தார்கள். தட்டம்மை என்றதும் மறுபேச்சில்லாமல் கிளம்பினார்கள். யாரால் என்று அவர்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நான்காவது எண்ணில் ஒரு தகப்பன். பின்னால் ஒரு சின்னப் பெண்ணின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

“டோக்கன் அண்ணனா? நீங்களே கூப்பிடறீங்களே!”

விஷயத்தைச் சொன்னார். ஊசி, நாளைப் பகல், உடனே கிளம்பணும்.

“எங்களை ஞாபகம் வெச்சுக் கூப்பிட்டீங்களேண்ணே. இந்தக் காலத்துல யார் செய்வா? உங்க புண்ணியம்...”

“வேண்டாங்க.” இடைமறித்தார். “நன்றி சொல்லாதீங்க. அந்த ரூமுக்குள்ள நோயைக் கொண்டுவந்து உக்காரவெச்சதே நான்தான். என் வீட்டுக் குழந்தை வெயில்ல நிக்கக்கூடாதுன்னு.”

சிரிப்புச் சத்தம் மட்டும் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

“எந்த வாசல் வழியா வரணும்?” என்றார் தகப்பன் கடைசியில். அதில் ‘அண்ணே’ இல்லை.