தீப்பெட்டி இடிந்த நாள்

காலை பத்தே முக்காலுக்கு நீதிமன்றப் பதிவறைக் கண்காணிப்பாளர் தீப்பெட்டியின் நான்காம் மாடிக்கு மூச்சிரைக்க ஏறி வருவார். அலுவலகம் பத்து மணிக்கு. அந்த முக்கால் மணி நேரம் தன் பிறப்புரிமை என்று அவர் முடிவு கட்டி இருபது வருடம் ஆகிறது. வந்ததும் மின்விசிறியைப் போடுவார், மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார், எதிரில் அரைமணி நேரமாக நிற்பவரை அப்போதுதான் பார்ப்பதுபோல் பார்த்து, "நாளைக்கு வாங்க" என்பார். இதைச் சொல்லிச் சொல்லியே அவருக்கு 'நாளைக்கு' என்று பெயர் விழுந்துவிட்டது. அதில் அவருக்கு வருத்தம் இல்லை. வருத்தப்படுவதையும் நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று இருந்திருப்பார்.

தீப்பெட்டி என்பதும் ஊர் வைத்த பெயர்தான். நகரின் நட்டநடுவில் ஒரே அச்சில் வார்த்த மூன்று ஏழு மாடி அரசுக் கட்டடங்கள். கட்டி முடித்த அன்று யாரோ ரிப்பன் வெட்டினார்கள். அதற்குப் பிறகு அவற்றை யாரும் ஆசையோடு பார்த்ததில்லை. லிஃப்டின் மேல் 'பழுது' என்று எழுதிய அட்டையே பழுதாகி, வேறு அட்டை வைத்தார்கள். கழிப்பறையில் தண்ணீர் வராது என்பதால் அதில் கோப்புக் கட்டுகளை அடுக்கினார்கள். மாடிப்படியின் அடியில் கோப்பு, மின்பெட்டிக்குள் கோப்பு, தீயணைக்கும் குழாய் இருக்க வேண்டிய கூண்டுக்குள்ளும் கோப்பு. எங்கே ஒரு பொந்து தெரிந்தாலும் அதில் ஒரு கட்டைச் செருகிவிடுவது அங்கே கற்றுக்கொண்ட முதல் வேலை. நாளைக்கு அதில் கைதேர்ந்தவர்.

இந்தப் பெட்டிகளுக்குப் பின்னால், நூற்றைம்பது வயதான பழைய நீதிமன்றம் பூட்டிக் கிடந்தது. இரண்டடி கனச் சுவர், உயரமான ஜன்னல்கள், நடுவில் அகன்ற மரப்படிக்கட்டு. நீதிமன்றத்தைத் தீப்பெட்டிக்கு மாற்றியபோது, கால் உடைந்த நாற்காலிகளைப் போட ஒரு இடம் கிடைத்தது என்று மகிழ்ந்ததோடு அதை மறந்துவிட்டார்கள்.

முப்பது வருடம் கழித்து அரசாங்கத்துக்குத் திடீரென்று கண் திறந்தது. தீப்பெட்டிகளை இடிப்பது, பழைய நீதிமன்றத்தைப் புதுப்பித்து அங்கேயே நீதிமன்றத்தைத் திரும்பக் கொண்டுபோவது என்று உத்தரவு வந்தது. ஒரு வருடம் வேலை நடந்தது. பழைய கட்டடம் புதுசாகத் தயாரானதும் எல்லோரும் இடம் மாறினார்கள், தீப்பெட்டிகளை இடிக்கும் நாளும் வந்தது.

ஊரே வேடிக்கை பார்க்க நின்றது. முதல் சுவர் சரிந்தபோது கைதட்டினார்கள். எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியது நாளைக்குதான். பக்கத்தில் நின்ற தன் அக்காவிடம் சொன்னார்:

"தொலைஞ்சுதுக்கா சனியன். இந்தக் கட்டடத்துல உக்காந்தா யாருக்கு வேலை செய்ய மனசு வரும்? இனிமே பாரு, எல்லாம் ஜோரா நடக்கும்."

"நடந்தா சரி. என் வழக்கு முடிஞ்சா போதும்டா எனக்கு," என்றாள் அக்கா.

அக்கா தையல்காரி. புருஷன் இல்லை. வீட்டின் முன்னறையில் இரண்டு தையல் இயந்திரம் போட்டுப் பிழைக்கிறாள். அந்த வீட்டில் தனக்கும் பங்கு உண்டு என்று கொழுந்தன் வழக்குப் போட்டுப் பதினோரு வருடம் ஆகிறது. "என் பங்கை அண்ணனிடமிருந்து வாங்கிக்கொண்டேன், இனி இந்த வீட்டில் எனக்கு உரிமை இல்லை" என்று அவனே ஒருகாலத்தில் கைப்பட எழுதிக் கொடுத்த கடிதம் ஒன்று இருந்தது. இப்போது அப்படி ஒரு கடிதமே இல்லை என்று சாதிக்கிறான். அக்கா அசலை நீதிமன்றத்தில் ஒப்படைத்திருந்தாள். அவள் வீடு அந்த ஒற்றைத் தாளில் நின்றது. தம்பியே பதிவறையில் இருக்கும்போது அதற்கு என்ன ஆகிவிடும் என்று நிம்மதியாகவும் இருந்தாள், பாவம்.

புதுப்பிக்கும் வேலைக்குத் தலைமை தாங்கியவர் ஒரு கொத்தனாரம்மா. சுண்ணாம்புக் கையும் உரத்த குரலுமாக இருப்பார். கட்டடத்தை ஒப்படைத்த அன்று ஒவ்வொரு அறையாகக் காட்டிக்கொண்டே வந்தவர், பதிவறையின் மூலையில், முழங்கால் உயரத்தில் இருந்த சிறிய மரக்கதவைத் திறந்தார். உள்ளே சுவரின் கனத்துக்குள் ஒரு கல் தட்டு.

"சார், இதப் பாத்துக்குங்க. மொட்டை மாடித் தண்ணி இந்தச் சுவருக்குள்ளயே இறங்கிப் போகுது. இலை, சருகு வந்தா இந்தத் தட்டுல தங்கும். மாசம் ஒருதடவ கதவத் தொறந்து அள்ளிடணும். இதுல எதையும் வச்சிராதீங்க."

"சரி, சரி," என்றார் நாளைக்கு. அவர் கண் கைபேசியில் இருந்தது.

கொத்தனாரம்மா இந்த 'சரி, சரி'யை நிறையப் பார்த்தவர். 'மழைநீர்ப் பாதை. எதுவும் வைக்கக் கூடாது' என்று சிவப்பில் எழுதி, கதவுக்கு நேர் மேலே சுவரில் ஒட்டிவிட்டுப் போனார்.

குடியேறிய மூன்றே வாரத்தில் நம்மவர்கள் தங்கள் கைவரிசையைக் காட்டிவிட்டார்கள். ஒரு வருடம் இழைத்து மெருகேற்றிய கைப்பிடியில் குடைகளைத் தொங்கவிட்டார்கள். ஜன்னல் திட்டுகளில் டீக் கோப்பை வட்டங்கள். படிக்கட்டின் அடியில், எங்கிருந்து வந்ததென்று தெரியாமல், கால் உடைந்த நாற்காலி ஒன்று தலைகாட்டியது. அதற்குத் துணையாக இன்னொன்று வர இரண்டு நாள்கூட ஆகவில்லை. வந்த கோப்புகளைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்பது விதி. நாளைக்கு அதை எந்த நாளைக்குத் தள்ளினார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சிவப்பு எழுத்து அவர் கண்ணுக்கு உறுத்தலாக இருந்தது. அதன் மேலேயே ஆணி அடித்து நாட்காட்டியை மாட்டினார். அப்புறம் குனிந்து பார்த்தால், கதவு போட்ட அழகான சின்ன அலமாரி!

"அந்தக் காலத்து ஆளுங்க வெவரம்யா. பாரு, கட்டு வைக்கறதுக்குன்னே எடம் விட்டிருக்கான்," என்று உதவியாளரிடம் மெச்சிக்கொண்டார். ஆறு கட்டுகளை உள்ளே திணித்தார். அக்காவின் வழக்குக் கட்டைத் தனியாக எடுத்து, முத்தாய்ப்பாக எல்லாவற்றுக்கும் மேல் வைத்துக் கதவைச் சாத்தினார். அக்கா காகிதம் அல்லவா, பத்திரமாக இருக்க வேண்டாமா?

அந்த வழக்கின் கடைசி விசாரணை நாளன்று விடியற்காலையிலிருந்தே மழை கொட்டித் தீர்த்தது. பழைய கட்டடத்துக்குத் திரும்பிய பிறகு வரும் முதல் மழை. பத்தே முக்காலுக்கு நாளைக்கு வந்தபோது அறைத்தரையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"பாத்தியா? வருஷம் முழுக்க வேலை பாத்து என்ன பிரயோஜனம், ஒழுகுது! இதுக்கு அந்தத் தீப்பெட்டியே தேவலாம்," என்று பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டார்.

பதினொரு மணிக்கு நீதிமன்றச் சேவகர் வந்தார். "அசல் கடிதத்தக் கேக்கறாங்க சார். உடனே வேணுமாம்." அவருக்குப் பின்னால் அக்காவும் வந்து வாசலில் நின்றாள்.

"இதோ, கைக்கெட்டுற தூரத்துலதான் வச்சிருக்கேன்," என்று நாளைக்கு பெருமையாகக் கதவைத் திறந்தார்.

தேங்கி நின்ற தண்ணீர் அவர் கால்மேல் கொட்டியது. கூடவே ஏழு கட்டுகளும் கூழாக வந்து விழுந்தன. அவர் மண்டியிட்டு அக்காவின் கட்டைத் தேடி எடுத்தார். நூல் இருந்தது, அட்டை இருந்தது. கடிதம் இருந்த இடத்தில் நீலமாகக் கரைந்த ஒரு தாள் அவர் விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அதில் ஒரு எழுத்துகூட மிச்சமில்லை.

 உதவியாளர்தான் முதலில் சுதாரித்தார். தீப்பெட்டியில் வளர்ந்த பிள்ளை. மரக்கதவைச் சாத்திவிட்டு நாளைக்கின் காதோரம் சொன்னார்:

"சார், பதிவேட்டுல நாம இன்னும் ஏத்தவே இல்ல. இந்தக் கட்டு இங்க வந்து சேரலன்னு எழுதிடலாம். எடம் மாத்தும்போது லாரியில தொலைஞ்சிருக்கும். நம்ம தலை தப்பிச்சிரும்."

"அப்ப என் வீடு?" என்றாள் அக்கா. அவள் காதில் எல்லாம் விழுந்திருந்தது. "வக்கீல் கிட்ட நகல் இருக்கு. ஆனா அசல் இங்க இருந்துச்சுன்னு பொறுப்புல இருக்கறவங்க ஒத்துக்கிட்டாத்தான் நகல் செல்லும். கட்டு வரவே இல்லன்னு நீங்க எழுதினா, கடிதமே கிடையாதுன்னு கொழுந்தன் சொல்றது நெஜமாயிடுமே!"

தண்ணீர் புகுந்த செய்தி கேட்டுக் கொத்தனாரம்மாவும் ஓடி வந்திருந்தார். பழி போட ஆள் கிடைத்த தெம்பு நாளைக்குக்கு வந்தது.

"என்னம்மா கட்டிக் கிழிச்சீங்க? கட்டடம் சரியில்லாததால எங்க அக்கா குடும்பமே நடுத்தெருவுல நிக்கப் போகுது!"

கொத்தனாரம்மா வாதாடவில்லை. நேராகப் போய் நாட்காட்டியைக் கழற்றினார். சிவப்பு எழுத்து பளிச்சென்று தெரிந்தது. ஆணி, 'கூடாது' என்ற சொல்லின் நடுவில் அடித்திருந்தது.

"கட்டடம் நூத்தம்பது வருஷமா தண்ணிய ஒழுங்கா எறக்கிட்டுதான் சார் இருக்கு," என்றார்.

அக்கா அதைப் படித்தாள். தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை, அருவருப்புதான் வந்தது.

"வந்த கட்டு எதையும் பதிவேட்டுல எழுதல. ஒருத்தர் சொன்னதக் கேக்கல. எழுதி ஒட்டினத மறைச்சு வச்சிட்ட. இதுக்குக் கட்டடம் என்னடா பண்ணும்? தீப்பெட்டிய மெஷின் வச்சு இடிச்சாங்க. உன்ன எத வச்சுடா இடிக்கறது?"

நாளைக்கு அக்காவை நிமிர்ந்து பார்த்தார். இருபது வருடத்தில் எத்தனையோ பேர் அவர் மேசைக்கு எதிரே நின்றிருக்கிறார்கள். கையில் பை, முகத்தில் கெஞ்சல். அவர்கள் யாரும் அவருக்கு மனிதர்களாகப் பட்டதில்லை. இன்று அதே இடத்தில், அதே முகத்தோடு, தன்னைத் தூக்கி வளர்த்த அக்கா நிற்கிறாள். வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. சொந்த ரத்தம் நின்றால்தான் உறைக்கும் என்றால் அது எவ்வளவு மட்டமான மனசு என்பதும் அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார்.

"சார், அவசரப்படாதீங்க. வேலைக்கே உலை. நாளைக்கு யோசிச்சு எழுதலாம்," என்று உதவியாளர் பதறினார்.

"இன்னைக்கே எழுதறேன்," என்றார் அவர்.

எழுதினார். அசல் கடிதம் தன் பொறுப்பில் இருந்தது, அதைத் தான் படித்ததும் உண்டு, எச்சரிக்கையை மறைத்து மழைநீர்ப் பாதையில் வைத்து அதை அழித்தது தான்தான், கட்டடத்தில் குறை எதுவும் இல்லை. நான்கு வரி. கையெழுத்துப் போட்டுச் சேவகரிடம் கொடுக்காமல், தானே எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தார்.

நீதிபதி அதை இரண்டுமுறை படித்தார்.

"உங்க பிரிவுலேர்ந்து கேட்ட அன்னைக்கே வந்து சேர்ந்த முதல் காகிதம் இதுதான்," என்றார் கசப்பாக. நகல் ஏற்கப்பட்டது. கண்காணிப்பாளர் மீது விசாரணைக்கும், அதுவரை தற்காலிகப் பணிநீக்கத்துக்கும் சேர்த்தே உத்தரவு வந்தது.

மழை விட்டிருந்தது. மரப்படியில் அக்காவும் தம்பியும் இறங்கினார்கள். பாதிப் படியில் அவர் நின்று, கைப்பிடியில் தொங்கிய தன் குடையை எடுத்தார். அது சொட்டிய இடத்தில் மெருகு வெளுத்திருந்தது. அதைக் கைக்குட்டையால் துடைத்துப் பார்த்தார், போகவில்லை.

"அந்தக் கட்டடத்த இடிச்ச அன்னைக்கு எல்லாம் சரியாயிடும்னு கை தட்டினேனேக்கா," என்றார்.

"கல்லு, சிமெண்டு எல்லாம் இடிச்சா போயிடும்டா. பொறுப்பில்லாத பழக்கம் எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் கூடவே வரும். அத அவனவன்தான் இடிக்கணும்," என்றாள் அக்கா. பிறகு அவர் கையிலிருந்த குடையை வாங்கிக்கொண்டாள். "தீப்பெட்டி இன்னைக்குத்தான்டா இடிஞ்சுது. நட."