காப்பு அவிழ்க்கும் முன்

கொளஞ்சியப்பன் குனிந்து பிணத்தின் வாயை முகர்ந்து பார்த்தார்.

தாடையைச் சுற்றிக் கட்டியிருந்த துணியை ஒரு விரலால் விலக்கி, மூக்கை அருகே கொண்டுபோய் மூச்சை ஒரு முறை இழுத்துவிட்டு நிமிர்ந்தார். பெஞ்சில் கிடந்த அம்மாசியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். தமிழ்மொழிக்கு ஒரு கணம் எதுவும் புரியவில்லை. புரிந்தபோது அவர் எதிரே போய் நின்றாள். முகர்ந்தது அவளுடைய அப்பாவின் வாயை.

"இன்னா பெரிப்பா பண்றீங்க?"

"கோயில் தர்மகர்த்தான்னு ஒருத்தன் இருந்தா கேக்கறத கேக்கணும் பாப்பா. நேத்து பஸ் ஸ்டாப்பாண்ட உங்கப்பன் தள்ளாடிக்கினு போயிருக்கான். வாந்தி எடுத்திருக்கான். நாலு பேரு பாத்திருக்காங்க. கருணாபுரத்துல கள்ளச்சாராயத்தால அத்தினி சாவு பாத்தும் புத்தி வரலியே."

"வாசன வந்துச்சா?"

"செத்து எட்டு மணி நேரம் ஆவுது. இனிமே இன்னா வாசன வரும்?"

"அப்பறம் எதுக்கு மோந்து பாத்தீங்க?"

யாரோ இருமினார்கள். கொளஞ்சியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவர் மணிக்கட்டிலும் அம்மாசியின் மணிக்கட்டிலும் ஒரே மஞ்சள் கயிறு. திரௌபதி அம்மன் தீமிதிக்குக் காப்புக் கட்டி அன்று ஏழாம் நாள். காப்போடு செத்தவனுக்குப் பூசாரி வந்து கயிற்றை அவிழ்த்து, அம்மனின் மஞ்சள் துணியைப் போர்த்திய பிறகுதான் மேளம். விரதத்தைக் கெடுத்தவனுக்குப் பூசாரி வரமாட்டார். வீட்டு ஆள் யாராவது கயிற்றைக் கத்தியால் அறுத்துவிட்டுச் சத்தமில்லாமல் தூக்கிப் போக வேண்டியதுதான்.

"வுடுடி தமிழு" என்றாள் அம்மா கமலா, தலைமாட்டில் உட்கார்ந்தபடி. "செத்தவரு எழுந்து வந்துடப் போறாரா?"

"குடிக்காத மனுஷன குடிச்சான்னு சொல்லித் தூக்கினு போவாங்க, நான் பாத்துக்கினு நிக்கணுமா?"

முந்தின நாள் காலையில்தான் வாந்தி தொடங்கியது. "காப்புக் கட்டினவன் ஊர் எல்லை தாண்டக் கூடாது" என்று அம்மாசி பிடிவாதம் பிடித்தார். மதியம், பஸ் ஸ்டாப் பக்கத்துக் கிளினிக்குக்குத் தமிழ்மொழி அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனாள். அங்கிருந்தவர் நாற்காலியைவிட்டு எழவே இல்லை. "போதை தெளிஞ்சா சரியாய்டும். மோர் குடுங்க" என்றார். சாயங்காலம் நினைவு தப்பிய பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரி. அங்கே ஒரு சின்ன வயசு டாக்டரம்மா சட்டையைத் தூக்கிப் பார்த்தார். வயிற்றில் ஊதாக் கோடுகள். குச்சிக் கை, குச்சிக் கால், உருண்டை முகம்.

"என்ன மாத்திரை சாப்பிட்டுட்டு இருந்தாரு?"

"முட்டி வலிக்குச் செட்டு மாத்திரைங்க. மெடிக்கல்ல நாலஞ்சி மாத்திரய சேத்து பொட்டலமா குடுப்பாங்க. நாலு வருஷமா."

"எப்ப நிறுத்தினாரு?"

"காப்புக் கட்டின அன்னிக்கி. மாத்திர தொடக் கூடாதுங்க."

டாக்டரம்மா ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தார். பிறகு ஊசி, குளுக்கோஸ், ஓட்டம். விடியும்வரை பார்த்தார்கள்.

தமிழ்மொழி பத்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறவள். சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியை வருஷந்தோறும் கரும்பலகையில் வரைகிறாள். நாய் துரத்தினால் நம்மை ஓட வைப்பது அதன் உட்பகுதி. பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். வெளிப்பகுதியை மட்டும் அவள் சீக்கிரம் கடந்துவிடுவாள். ஆனால் உயிரைத் தாங்குவது அங்கே சுரக்கும் கார்டிசால்தான். ரத்த அழுத்தம் விழாமல் பிடித்துக்கொள்வதும், பட்டினியில் சர்க்கரை இறங்காமல் காப்பதும், வெயிலையும் காய்ச்சலையும் உடம்பு தாங்க வைப்பதும் அது. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி, கார்டிசால் குறைந்தால் "சுர" என்று ஆணை அனுப்பும். போதுமென்றால் ஆணையை நிறுத்திக்கொள்ளும். எவ்வளவு அழகான ஏற்பாடு! அதை, கார்டிசாலின் வேலையைத் தானே செய்யும் ஸ்டீராய்டு வைத்த ஒரு காகிதப் பொட்டலம் கெடுத்துவிட்டது. மாத்திரையை விட்டுவிட்டேன் என்று அப்பா சொன்னபோது "நல்லதுப்பா" என்று சொன்னதும் அவள்தான்.

"பெரிப்பா, கேளுங்க" என்றாள். "நம்ம தெருவுக்கு தெனமும் லாரித் தண்ணி வருதுன்னு வையிங்க. டேங்கு எப்பவும் ரொம்பியே இருக்குது. ஆபரேட்டரு மோட்டாரு போடுவாரா?"

"எதுக்குப் போடறான்?"

"நாலு வருஷம் போடாத மோட்டாரு இன்னா ஆவும்?"

"துரு புடிச்சி நின்னுடும்."

"திடீர்னு ஒருநாளு லாரி வரலன்னா? அப்பாவுக்கு அதான் ஆச்சி. அந்த மாத்திரதான் லாரித் தண்ணி. உள்ள இருந்த மோட்டாரு தூங்கிடுச்சி. ஒருவேளச் சோறு, வெறுங்காலு, இந்த வெயிலு. உடம்பு தண்ணி கேட்டுச்சி, குடுக்க ஆளில்ல. பிரஷர் விழுந்தா தள்ளாடத்தான் செய்யும். சர்க்கர விழுந்தா நாக்கு கொழறத்தான் செய்யும். அவரு காப்ப மதிச்சி செத்தாரு. நீங்க வாயத் தொறந்து மோந்து பாக்குறீங்க."

கொளஞ்சியப்பன் பதில் சொல்வதற்குள் கூட்டம் வழிவிட்டது. மெடிக்கல்காரர் ராமசாமி சம்பங்கி மாலையோடு வந்தார். இந்த ஊரில் அவருக்கு எல்லோரும் வழிவிடுவார்கள். டாக்டரிடம் போனால் ஒரு நாள் வேலை கெடும். அவரிடம் இரண்டு நிமிஷம்.

தமிழ்மொழி குறுக்கே நின்றாள்.

"மால அப்பறம் போடலாங்க. மொதல்ல சொல்லுங்க. பொட்டலத்துல இருக்கற சின்ன வெள்ள மாத்திர ஸ்டீராய்டா இல்லியா?"

"சாவு வூட்ல இன்னாமா இது?"

"சொல்லுங்க."

"வலி நிக்கணும்னா அதான் நிக்கும். நானா கூப்ட்டுக் குடுக்கறேன்? அவங்களா வந்து கேக்கறாங்க. உங்கப்பாவுக்கு உடம்பு எப்பிடித் தேறிச்சி, நீ பாக்கல?"

"தேறலங்க. ஊதினாரு. திடீர்னு நிறுத்தினா உயிரு போயிடும்னு ஒருநாளாவது சொன்னீங்களா?"

ராமசாமி மாலையைப் பார்த்தார். "நிறுத்துவாங்கன்னு நான் இன்னாத்தக் கண்டேன்" என்றார்.

பெண்கள் பக்கமிருந்து அத்தை குஞ்சம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"தமிழு, நானும் காப்புக் கட்னதுலேர்ந்து அந்த மாத்திர போடலடி. காலைலேர்ந்து தல சுத்துது, கொமட்டுது. அண்ணன் செத்த துக்கம்னு நெனச்சிக்கினு இருக்கேன்."

"எனக்கும் அப்பிடித்தாங்க டீச்சர்" என்றாள் அவள் பக்கத்தில் இருந்தவள்.

கொளஞ்சியப்பன் ஓரடி நெருங்கினார். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "நானுந்தான் பாப்பா" என்றார்.

காலையிலிருந்து தமிழ்மொழி மனசுக்குள் வரிவரியாக எழுதி வைத்திருந்தாள். கலெக்டருக்கு மனு. கடைக்குப் பூட்டு. ராமசாமியின் கையில் விலங்கு. அத்தனையையும் ஓரமாக வைத்தாள். அவள் அத்தையின் முகத்தைப் பார்த்தாள். அதுவும் உருண்டைதான். எத்தனை வருஷமாக அப்படி என்று யோசித்தாள்.

"போயி கடையத் தொறங்க" என்றாள் ராமசாமியிடம்.

"சாவுன்னு பூட்டிட்டு வந்தேம்மா…"

"தொறங்க. காப்புக் கட்னவங்கள்ல யாரு யாரு உங்ககிட்ட வாங்குறாங்கன்னு உங்களுக்குத்தான் தெரியும். எல்லாருக்கும் அந்த வெள்ள மாத்திரய மட்டும் குடுங்க. இப்பவே. அத்த, நீங்க எல்லாரும் அதப் போட்டுக்கினு நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. எத்தினி வருஷம் சாப்ட்டீங்க, என்னிக்கி நிறுத்துனீங்க, எல்லாத்தையும் சொல்லுங்க. அவங்க கொஞ்சங் கொஞ்சமா கொறைப்பாங்க. நீங்களா நிறுத்தக் கூடாது."

"எல்ல தாண்டக் கூடாதேடி" என்றாள் குஞ்சம்மாள்.

"நான் சொல்றேன், தாண்டு" என்றார் கொளஞ்சியப்பன். "டேய், வேன் ஒண்ணு கூப்புடுங்கடா." பிறகு யாரையும் பார்க்காமல், "பூசாரிய வரச் சொல்லு. துணியோட" என்றார்.

ராமசாமி முன்னால் நடந்தார். மாலை இன்னும் அவர் கையிலேயே இருந்தது. அவர் பின்னால் மஞ்சள் கயிறு கட்டியவர்கள், பதினொரு பேர், வெறுங்காலோடு போனார்கள். சற்று நேரத்தில் தெருமுனையில் ஷட்டர் ஏறும் சத்தம் கேட்டது.

பூசாரி வந்து பெஞ்சுக்குப் பக்கத்தில் மண்டியிட்டார். குளிப்பாட்டிய தண்ணீரில் கயிறு ஊறி முடிச்சு இறுகியிருந்தது. ஒருவர் கத்தியை நீட்டினார். பூசாரி தலையாட்டி மறுத்துவிட்டு நகத்தால் நெம்பினார்.

"கையக் கொஞ்சம் புடிம்மா."

தமிழ்மொழி அப்பாவின் மணிக்கட்டை ஏந்திப் பிடித்தாள். தோல் வெங்காயச் சருகு போல இருந்தது. ஊசி குத்திய இடத்தில் பெரிதாக ஊதா பாரித்திருந்தது. முடிச்சு அதன் மேல் அழுந்தாதபடி அவள் கையை மெல்லத் திருப்பிக்கொடுத்தாள்.