வாடிப் பூக்காத மலர்

புரட்டாசித் திங்கள். மேற்கே கோவில்பட்டியிலிருந்து கிழக்கே விளாத்திகுளம் வரை பரந்த கரிசல் நிலம், கோடை முழுதும் வெயிலை உண்டு, உண்டது செரியாமல் வாய்பிளந்து கிடந்தது. உழுது போட்ட புன்செய்கள் வானம் பார்த்துக் காத்திருக்க, வேலிக்கருவை மட்டும் எவர் உதவியையும் நாடாமல் பச்சையாய் நின்றது. கற்றறிந்த பெருமக்களே, இம்மண்ணைக் கண்டு நீங்கள் இரங்க வேண்டா. இரங்கினால் இவ்வூரார் சினங்கொள்வர். ஒரு மழை பெய்தால் பயிர் விளைந்து முடியும்வரை ஈரம் காக்கும் மண் எங்கள் மண் என்று மார்தட்டுவதில் அவர்களுக்கு நிகர் அவர்களே. மழை பொய்த்த ஆண்டிலும் அவர்கள் பேச்சு பொய்த்ததில்லை.

புதூரை அடுத்த சிற்றூர் ஒன்றில் வாழ்ந்த சோலைராஜும் அத்தகையவனே. பெயரில்தான் சோலை, அவன் நிலத்தில் பருத்தியும் மிளகாயும் அன்றி நிழல்தரும் மரம் ஒன்றும் இல்லை. அவன் மனைவி வனிதாவோ மேற்குமலையின் தேயிலைத் தோட்டத்தில், மேகம் வாசற்படிவரை வந்து போகும் வீட்டில் பிறந்து வளர்ந்தவள். அவள் தாய் பேபி, கணவனை அம்மலையிலேயே அடக்கம் செய்துவிட்டு, முதுகில் கூடை சுமந்து கொழுந்து கிள்ளியே மகளை ஆளாக்கியவள். தோட்டத்தை மூடி, குடியிருப்புகளை இடித்து, வாயிலைப் பூட்டிவிட்டபின், சென்ற ஆண்டு அவள் மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். கையில் ஒரு தகரப்பெட்டியும், ஈரத்துணியில் பொதிந்த கிழங்கு ஒன்றும் இருந்தன.

அது இஞ்சிப்பூவின் கிழங்கு. மலையில் நீரோடையின் கரைதோறும், மரங்கள் பாதி மறைத்துப் பாதி விட்ட வெயிலில், ஆளுயரம் நின்று ஆண்டுதோறும் பூக்கும் செடி அது. இலை இஞ்சியிலையை ஒக்கும். மலரோ தூய வெண்மை. பொழுது சாய்ந்ததும் அதன் மணம் குடியிருப்பு முழுவதும் நிறைந்துவிடும். வேலை முடிந்து கூடை இறக்கும் பெண்களுக்கு அந்த மணமே வீடு வந்துவிட்டது என்பதற்கு அடையாளம்.

வீட்டின் பின்புறம், அங்கிருந்த ஒற்றை வேம்பின் நிழல் பிற்பகலில் விழும் இடத்தைப் பேபி தேர்ந்தாள். குழி தோண்டிக் கரிமண்ணை அப்புறப்படுத்தி, மட்கிய இலையும் ஆற்றுமணலும் சாணமும் கலந்து நிரப்பினாள். தன் மண்ணை ஒருத்தி அள்ளி வெளியே கொட்டுவதைக் கண்டு சோலைராஜின் முகம் சற்றே கோணியது. குழியருகே அடியில் துளையிட்ட பானை ஒன்றைப் பதித்து, துளையில் துணித்திரி செருகி, நீர் சொட்டுச்சொட்டாய் வேருக்குக் கசியுமாறு அமைத்தாள். ஊர்ப்பொதுக்குழாயில் நன்னீர் வரும் நாளில் முதற்குடம் அப்பானைக்கே போயிற்று. கிழங்கு முளைத்தது, தழைத்தது, வேலியைத் தாண்டி எட்டிப் பார்த்தது. பூ மட்டும் வரவில்லை.

ஆவணி முடிவில் பேபிக்கு மூச்சு இளைத்தது, கால்கள் வீங்கின. கோவில்பட்டி மருத்துவமனையில் சேர்த்தபோது, நெஞ்சு மிகவும் தளர்ந்துவிட்டது, இனி அதிகம் நம்புவதற்கில்லை என்று மருத்துவர் வனிதாவைத் தனியே அழைத்துக் கூறினார். தாய்க்கு அது எவரும் கூறாமலே தெரிந்திருந்தது.

“ஒரு தடவ அந்தப் பூவ மோந்துட்டாப் போதும் எனக்கு,” என்றாள் பேபி. “பெறவு எப்ப வேணா போறேன்.”

வனிதா தாயுடன் தங்கினாள். ஆடுகளையும் செடியையும் பார்த்துக்கொள்ளச் சோலைராஜ் ஊர் திரும்பினான். “பானையில தண்ணி வத்த விட்டுராதீங்க,” என்று அவள் சொல்லியனுப்பினாள். அவனும் தலையசைத்தான்.

அவனைத் தீயவன் என்று எண்ணிவிடாதீர்கள். பிறந்தபோதே தாயை இழந்தவன் அவன். மாமியார் வந்த பிறகே வீட்டில் தனக்காகத் தாய் ஒருத்தி விழித்திருப்பது என்றால் என்னவென்று அறிந்தவன். அவள் விழைந்த ஒன்றையேனும் தந்துவிட வேண்டும் என்று அவன் நெஞ்சு துடித்தது. செடியின்முன் குந்தியமர்ந்து அதை ஆராய்ந்தான். இலைகளெல்லாம் கொழுகொழுவென்று இருந்தன. அவனுக்குச் சட்டென விளங்கிவிட்டது, அல்லது விளங்கியதாகத் தோன்றியது. நீர் மிகுந்தால் பருத்தி இலையாகவே போகும். சற்றே வாடவிட்டால்தான் உயிருக்கு அஞ்சிப் பூவெடுக்கும். இது அவன் தந்தையும் அவர் தந்தையும் கண்ட உண்மை. அதை நம்பியே அவ்வூர் உண்டு வாழ்ந்தது.

பானையைப் பிடுங்கிக் கவிழ்த்து வைத்தான். வேம்பின் தாழ்ந்த கிளைகளை வெட்டி வெயிலுக்கு வழிவிட்டான். அடுத்து வந்த நாள்களில் இலைகள் வதங்கின, அவன் மகிழ்ந்தான். பிறகு ஒருநாள், தண்டின் நுனியில் ஏதோ கூம்பிச் சுருண்டு நிற்கக் கண்டு, கைபேசியை எடுத்தான்.

“மொட்டு கட்டிட்டு வனிதா. நுனியில நல்லாச் சுருண்டு நிக்கி. அத்தைட்டச் சொல்லு.”

ஈரம் வற்றிய இளங்குருத்து தன்னைக் காத்துக்கொள்ளச் சுருண்டிருந்ததே அது. மலைப்பெண் எவளும் ஒரு பார்வையில் அறிந்திருப்பாள். கரிசலில் பிறந்தவன் அறிந்திலன்.

சேதி கேட்ட பேபி மருத்துவமனையில் இருக்க மறுத்துவிட்டாள். இன்னும் சில நாள் இருக்கட்டும் என்ற மருத்துவர் சொல்லையும் மகளின் கண்ணீரையும் மறுத்து, வாடகை ஊர்தியில் சாய்ந்தவாறே ஊர் வந்து சேர்ந்தாள். மருமகனின் தோளைப் பற்றிக்கொண்டு பின்புறம் நடந்தாள். செடியருகே வந்ததும் நின்றாள். கருகிய இலைகள் தண்டோடு ஒட்டித் தொங்கின. அவன் மொட்டென்று கண்டது பழுப்பேறிக் கிடந்தது. வனிதா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“வெயில்ல காட்டுனீங்களோ மருமவனே?”

“ஆமாத்தே. தண்ணியவும் நிப்பாட்டுனேன். வாடுனாப் பூக்கும்னு...”

பேபி சினக்கவில்லை. மெல்லச் சிரித்தாள், அச்சிரிப்பைக் காண்பதினும் வசை கேட்டிருக்கலாம்.

“பருத்தி வாடுனாப் பூக்கும். இது பூக்காது. நானும் இங்கன வந்து ஒரு வருசமா வாடித்தான பாத்தேன்.”

அன்றிரவு குடிக்க வைத்திருந்த நீர் அனைத்தையும் அவன் அச்செடிக்கு ஊற்றினான். மறுநாள் கடன்வாங்கி ஊற்றினான். அது நிமிரவில்லை. அவ்வாரமே பேபியும் கண்ணை மூடினாள். கோவில்பட்டிச் சந்தையிலிருந்து வாங்கி வந்த செவ்வந்தியும் சம்பங்கியும் அவள் மார்பில் குவிந்தன. நல்ல பூக்கள்தாம், அவள் கேட்ட பூ அவற்றில் இல்லை.

ஐப்பசி பிறந்ததும் மழை வந்தது. ஊரே விதைப்பெட்டியோடு காட்டுக்கு ஓடியது. வனிதா மட்டும் மழையில் நனைந்துகொண்டே குழியைக் கிளறிக் கிழங்கை எடுத்தாள். ஒடித்துப் பார்த்தாள், உள்ளே சுக்காய்க் காய்ந்திருந்தது. வேறொன்று கொண்டுவர மலையில் இனி அவர்களுக்குக் கதவு திறப்பார் இல்லை. சோலைராஜ் சற்றுத் தள்ளி நின்றான்.

“அம்மா உங்க மேல கோவப்படல,” என்றாள், திரும்பாமலே. “எனக்குத்தான் ஆற மாட்டேங்கு. ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா. போன் அவ தலமாட்டுலதான கெடந்துது.”

அவன் சொன்னான்: “எனக்குத் தெரியும்னு நெனச்சிட்டேன்.”

அன்புடையீர், தீயோர் செய்த கேட்டுக்கு வழக்குண்டு, தண்டனை உண்டு, காலப்போக்கில் மறதியும் உண்டு. தெரியும் என்று நினைத்து அன்புடையோர் செய்த கேட்டுக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. செய்தவனும் பொறுக்கமாட்டாதவளும் ஒரே கூரையின்கீழ், ஒரே பானைச் சோற்றை உண்டு, ஒருவரையொருவர் நேசித்துக்கொண்டே வாழ்ந்து தீர்க்க வேண்டியிருக்கிறது.