மஞ்சள் நரம்பு

எட்டாவது நாளும் விடிந்தும் விடியாமலும் என் வீட்டுக்காரர் தூண்டில் கம்பைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போய்விட்டார். ஊற்றி வைத்த கட்டன்சாயா ஆறிக் கிடந்தது. இனயம் கரையில் பிறந்து வளர்ந்த ஆண்பிள்ளை, தண்ணீர் இல்லாத மணலில் ஆடிக்காற்றுக்கு எதிரே நின்று தூண்டில் நரம்பை வீசுவதும், ஓடிப்போய்க் காலடியால் தூரம் அளப்பதும், திரும்ப வந்து வீசுவதுமாக இருந்தால் ஊர் சும்மா இருக்குமா? கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஜான்ரோஸ் மாமா, "ஏலே லிஜோ, மணலுக்குள்ள என்ன மீனுலே கெடக்கு? மாட்டெ அடிக்கியமாதிரி அடிக்கியே!" என்று கேட்டாராம். இவர் சிரிக்கவில்லை. சிரிப்பையெல்லாம் மாலத்தீவிலேயே விட்டுவிட்டு வந்தவர்.

அங்கே பாரை மீன் பிடிக்க வருகிற வெள்ளைக்காரர்களைக் கூட்டிப்போகும் படகில் நாலு வருஷம் படகோட்டியாக இருந்தார். இப்போது, 2013 ஆடியில், வழிகாட்டியாகவே எடுத்துக்கொள்கிறோம் என்று கம்பெனியிலிருந்து சொல்லியிருந்தார்கள். போய் இறங்கின மறுநாள் காற்றுக்கு எதிரே எழுபது அடி வீசிக் காட்ட வேண்டும், காட்டாவிட்டால் அடுத்த விமானத்தில் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். கம்பும் நரம்பும் அவரவர் பாடு. வெள்ளிக்கிழமை திருவனந்தபுரத்தில் விமானம். இவரிடம் ரீல் ஒன்று, நரம்பு இரண்டு. இரண்டும் ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரர் கொடுத்துவிட்டுப் போனவை. எட்டு நாளாக எங்கள் வீட்டில் சமாதானம் இல்லாமல் போனது இந்த இரண்டு நரம்பால்தான்.

நம் தூண்டிலில் ஈயக்கட்டி நரம்பை இழுத்துக்கொண்டு போகும். அவர்கள் முறை தலைகீழ். ஃப்ளை என்று சொல்கிறார்கள், ஈ என்று அர்த்தமாம், பார்த்தால் கோழிக்குஞ்சு அளவு இருக்கிறது. இறகும் மயிருமாகக் கட்டி, கண்ணுக்கு ஈயக்குண்டு வைத்தது. நனைந்தால் அது கனக்கும். அதைத் தூக்கிப்போக வேண்டியது நரம்பின் வேலை, அதனால் நரம்புக்கே கனம் வேண்டும். பச்சை நரம்பு மெல்லிசு, நுனிமுதல் கடைவரை ஒரே சீர். மஞ்சள் நரம்பு, இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம் என்ற கணக்கில், பதினாறு பாகம் நீளம், முன்பக்கம் ஐந்து பாகம் மட்டும் தடியாக, கனமாக இருக்கும், மிச்சம் பதினொன்றும் ஒல்லி.

"மெல்லிசுதான் தூரம் போவும், மீனுக்கும் தெரியாது" என்று முதல் நாள் சொன்னார். இங்கே எல்லா ஆண்களும் அப்படித்தான் சொல்வார்கள், தடி நரம்பு போடுகிறவனைக் கரையில் மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள். ஆனால் பச்சையில் அந்தக் கோழிக்குஞ்சு பாதிவழியில் பொத்தென்று விழுந்தது. ஒருமுறை திரும்பி வந்து இவர் முதுகிலேயே குத்தியது, நான்தான் கொக்கியைப் பிடுங்கி எடுத்தேன். மஞ்சளில் எழுபது தாண்டியது. ஆனாலும் மனசு ஒப்பவில்லை. சோற்றில் கை வைத்துக்கொண்டு யோசிப்பார், எழுந்து போய் இரண்டையும் விரலால் உருட்டிப் பார்ப்பார். பார்த்துப் பார்த்து எனக்கு வெறி பிடித்துவிட்டது.

அந்த எட்டாம் நாள், புதன்கிழமை, மத்தியானம் வந்து, "மஞ்சளுதான்ட்டி. முடிவு பண்ணியாச்சு" என்றார். முகம் தெளிந்திருந்தது. திங்கச்சந்தை டவுனுக்கு ஒரு பை வாங்கப் புறப்பட்டுப் போனார்.

கல்யாணமாகி ஆறு வருஷம். அதில் ஆழ்கடலுக்கும் மாலத்தீவுக்கும் போனது போக அவர் என்னோடு இருந்தது பத்தரை மாசம். போகாதீர்கள் என்று ஒருதடவைகூட நான் சொன்னதில்லை. எங்கள் கரையில் கடலுக்கு இறங்குகிறவனைத் தடுத்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. அம்மா எனக்குப் பல்லு முளைக்கும் முன்னே சொல்லிக்கொடுத்தது அது. சொல்லாமல் சொல்லாமல் நெஞ்சு புண்ணாகிக் கிடந்தது.

சுருள் விடட்டும் என்று அவர் ரீலிலிருந்து கழற்றிப் போட்டிருந்த மஞ்சள் நரம்பு சுருண்டு சுருண்டு கிடப்பதைப் பார்த்தேன். என் அப்பா செல்வதாஸ் புது நரம்பு வாங்கினால் சுருள் எடுக்கிறது நான்தான். இரண்டு தென்னைக்கு நடுவே இழுத்துக் கட்டி, வெயிலில் விட்டு, மண்ணெண்ணெய் தொட்ட துணியால் பின்முனையிலிருந்து உருவிக்கொண்டே வர வேண்டும். சத்தியமாக அவருக்கு உதவியாக இருக்கட்டும் என்றுதான் ஆரம்பித்தேன். பதினோரு பாகம் வந்ததும் துணி கனத்தது. விரித்துப் பார்த்தால் மஞ்சள் தோல், மீன்செதில்போல ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. இது அப்பாவுடைய நரம்பு இல்லை, மேலே ஏதோ பூச்சு உண்டு, அது கரைகிறது என்று அந்த நொடியே புரிந்தது. தடித்த ஐந்து பாகம் முன்னால் அப்படியே இருந்தது, துணி படாமல். நான் நின்றேன். பயம் வரவில்லை. சந்தோஷம், வேறென்ன சொல்ல? பிறகு துணியை இன்னொருமுறை நனைத்துக்கொண்டு மிச்சத்தையும் உருவினேன்.

பையோடு திரும்பி வந்தவர் தென்னையடியில் அப்படியே நின்றார். கத்துவார் என்று நினைத்தேன். நரம்பைப் பின்முனையிலிருந்து இரண்டு விரலால் தொட்டுக்கொண்டே நடந்தார். ஒரு இடத்தில் விரல் நின்றது. அங்கே மண்ணெண்ணெய் ஊறிப் பூச்சு உப்பியிருந்தது.

"இஞ்ச நின்னுருக்க" என்றார்.

அந்த இடத்திலேயே விரலை வைத்துக்கொண்டு மேலே சொன்னார்.

"இதுக்கு முன்னால உள்ள அஞ்சு பாகம் போதும்ட்டி எனக்கு. பின்னால வேற நரம்பெ கெட்டியிருப்பேன். நின்னு, பாத்து, பெறவும் போயிருக்க."

"ஆமா" என்றேன். "பாத்துட்டுதான் செய்தேன்."

"வாயெத் தொறந்து பறஞ்சிருக்கலாமே."

"என்னத்தெப் பறய? போவண்டாம்னா?" என்றேன். "போவண்டாம். இந்தா பறஞ்சாச்சு. போவண்டாம் நீங்க."

ஆறு வருஷத்துச் சொல் அது. அவர் என்னைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். பையைத் திண்டில் வைத்துவிட்டு உள்ளே போனார். வெளியே வரும்போது கையில் ரீலும், எழுபது எட்டாத பச்சை நரம்பு உருளையும் இருந்தன. உருளையின் ஓட்டையில் ஒரு பேனாவைச் செருகி என்னிடம் நீட்டினார். ரீலில் நரம்பு ஏற்ற எதிரே ஒரு ஆள் பிடிக்க வேண்டும்.

வாங்கினேன். வேறென்ன செய்ய? நாலடி தள்ளிக் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"எளக்கமா விடாத. பெருவெரல வச்சு அமத்திப் பிடி."

அமத்திப் பிடித்தேன். அவர் ரீலைச் சுற்றச் சுற்ற நரம்பு என் பெருவிரலைச் சுட்டுக்கொண்டு போனது. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை, நிறுத்தவும் இல்லை. நரம்பு குறையக் குறைய உருளை என் கைக்குள் வேகம் கூடிச் சுழன்றது.