பிரேக் ஹோஸும் கண்மையும்

இலவசம் என்று சொல்லித் திட்டு வாங்கும் வேலை உலகத்தில் ஒன்று உண்டென்றால் அது அவளுடையதுதான். கார் கம்பெனியில் தொலைபேசிப் பிரிவு. "உங்க காரோட பிரேக் ஹோஸ்ல, அதாங்க பிரேக் எண்ணெய் போற குழாய்ல, கோளாறு இருக்குங்க, ஓட்டாதீங்க. நாங்களே வந்து இழுத்துட்டுப் போய்ப் புதுசா மாத்தித் தர்றோம், பைசா வேண்டாம்" என்று ஒரு நாளைக்கு எண்பது பேரிடம் சொல்ல வேண்டும். அதில் அறுபது பேர் அவளை மோசடிக்காரி என்பார்கள். மீதி இருபது பேர் அதைக்கூடச் சொல்லாமல் வைத்துவிடுவார்கள்.

அவள் வீட்டுக் காரும் அதே ரகம்தான். ஆனால் கோளாறு ஒரே ஒரு வருஷம் தயாரான வண்டிகளில் மட்டும். "நம்மளது அடுத்த வருஷத்து வண்டி, லிஸ்ட்லயே வராது" என்று கணவர் அடித்துச் சொல்லியிருந்தார். எல்லாம் தெரிந்த மனுஷன். போன வாரம் முழுக்கச் சாப்பாட்டு மேசையில் வேறு ஒரே பெருமை. "எவளோ ஒருத்தி மூணு தடவை போன் பண்ணிட்டா. ஏதோ ஓசியில தர்றாளாம். பேச விட்டாத்தானே? விட்டேன் பாரு டோஸ்." அவளும் கூடச் சேர்ந்து சிரித்துத் தொலைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை பக்கத்து சீட்டுக்காரி ஒரு கும்பிடு போட்டு, ஒரு வாடிக்கையாளரின் விவரத்தை அவள் திரைக்குத் தள்ளிவிட்டாள். "இந்த ஆளு என்னை மூணு தடவை நாறடிச்சுட்டார். நீ பேசிப் பாரு தாயி."

திரையில் இருந்தது அவள் வீட்டுக் காரின் எண். வாங்கியது அடுத்த வருஷம்தான், ஆனால் தயாரானது அந்தக் கோளாறு வருஷத்தில். மணி மூன்றேகால். மூன்றரைக்கு அவர் மகளை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப் போவார். வாசலை விட்டு இறங்கினால் ஒரே சரிவு, அடியில் பெரிய சாலை. கைபேசியை லாக்கரில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்பது அங்கே சட்டம். ஆபீஸ் போனிலேயே அடித்தாள்.

"நான்தாங்க பேசறேன். காரை எடுக்காதீங்க."

எஞ்சின் ஓடும் சத்தம் கேட்டது. பின்சீட்டில் மகள் பாடுவதும் கேட்டது.

"அட, இப்போ என் பொண்டாட்டி குரல்லயே பேச ஆரம்பிச்சாச்சா," என்றார் கணவர். "பேப்பர்ல படிச்சேன். கம்ப்யூட்டர வச்சுக் குரலைக் காப்பி அடிக்கறீங்களாமே."

"ஐயோ, நிஜமா நான்தாங்க. நம்ம கல்யாண நாள் சொல்லட்டுமா?"

"அது கல்யாணப் பத்திரிகையிலேயே அச்சடிச்சிருக்கு."

"எங்கம்மா உங்களை எப்படிக் கூப்பிடுவாங்கன்னு சொல்றேன்."

"அது தெருவுக்கே தெரியும். வைங்க போனை, குழந்தைக்கு நேரமாச்சு."

கியர் விழுந்தது. அவள் எழுந்தே நின்றுவிட்டாள். சுற்றிலும் நாற்பது பேர், நடுவில் மேற்பார்வையாளர், போதாததற்கு எல்லா அழைப்பும் பதிவாகிற போன். மானமாவது மண்ணாங்கட்டியாவது என்று வாயைத் திறந்தாள்.

"உங்க மீசை நரையை என் கண்மையை எடுத்துத்தான் மறைக்கறீங்க. ஞாயித்துக்கிழமை காலையில, பாத்ரூம் கதவைச் சாத்திக்கிட்டு. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுட்டு இருக்கீங்க. ரெண்டு வருஷமா தெரியும்."

எஞ்சின் நின்றது.

"கொஞ்சம் மெதுவாப் பேசேன்," என்றார். "பாப்பாவுக்குக் கேட்கும்."

கூடமே குபீரென்று சிரித்தது. மேற்பார்வையாளர் ஃபைலுக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டு குலுங்கினார். அவளும் சிரித்துக்கொண்டே வண்டி இழுக்கும் ஆளை வீட்டுக்கு அனுப்பினாள்.

நாலரைக்கு வண்டி இழுக்கப் போனவர் கூப்பிட்டார். "மேடம், நின்ன இடத்துலயே பிரேக்கை ஒரே ஒரு அமுக்கு அமுக்கிப் பார்த்தேன். ஹோஸ் வெடிச்சுத் தரையெல்லாம் எண்ணெய்."

அவள் போனை வைத்துவிட்டு மேசையில் கவிழ்ந்து அழுதாள். பாதி அழுகையில் கண்மை ஞாபகம் வர, மறுபடியும் சிரிப்பு பிய்த்துக்கொண்டு வந்தது. பக்கத்து சீட்டுக்காரி தண்ணீரும் கையுமாக முழித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பாத்ரூம் கதவு திறந்தே கிடந்தது. முக்காலியில் உட்கார்ந்திருந்த கணவர் கண்மையை அவளிடம் நீட்டினார்.

"நீயே போட்டு விடு. நான் போட்டா ஒரு பக்கம் கோணிக்குது."

அவள் சிரித்துக்கொண்டே போட்டதில், அன்று இரண்டு பக்கமும் கோணிவிட்டது. அவர் அப்படியே வெளியே போனார்.