ஆயுள் சேமிக்கும் சமையல்காரன்

"இது என்ன பன்னிக்கறியா, இல்ல ஆஸ்பத்திரிச் சாப்பாடா?" ஜன்னலோர மேசையிலிருந்து லாரி டிரைவர் ஒருவர் கத்தினார். "பூண்டு எங்கம்மா? பூண்டுத்தாள் எங்க? நான் என்ன காய்ச்சல்காரனா?"

யூலான் பல்லைக் கடித்துக்கொண்டு தட்டைத் திரும்ப வாங்கினாள். சீனாவில், அதுவும் சிச்சுவானில், பூண்டு போடாத சமையல்காரன் என்று ஒருவன் இருந்தால் அவனைக் கூண்டில் போட்டுக் காட்சிக்குத்தான் வைக்க வேண்டும். அந்த ஒருவன் தனக்குப் புருஷனாக வந்து வாய்த்ததை நினைக்க நினைக்க அவளுக்கு எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது.

மலையடிவாரத்தில் அவர்கள் கடைக்கு ஒரு காலத்தில் நல்ல பெயர். அவள் புருஷன் தேகுவாங் கையால் சமைத்த கோழிச் சூப்புக்காகவே செங்டு நகரத்திலிருந்து ஆட்கள் கார் போட்டுக்கொண்டு வருவார்கள். வசந்த காலத்தில் ஒருநாள் இடுப்பு பிடித்துக்கொண்டதென்று மலைக்கோயில் பூசாரியிடம் வைத்தியத்துக்குப் போனவன், திரும்பி வரும்போது வேறு ஆளாக வந்தான். பூண்டும் வெங்காயமும் ரத்தத்தைக் கலக்கிவிடுமாம், சமையலறையை விட்டு வெளியே போயின. விடிந்ததும் கிழக்கே பார்த்து உட்கார்ந்து பல்லோடு பல்லைக் கடகடவென்று தட்டுவான். நாக்கை வாய்க்குள் சுழற்றி, ஊறும் எச்சிலை அமிர்தம் மாதிரி மடக்கு மடக்காக விழுங்குவான். உள்ளங்காலைத் தேய்தேய் என்று தேய்ப்பான்.

இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். பூண்டு போனால் போகட்டும், எச்சில்தானே, விழுங்கிவிட்டுப் போகட்டும். அவள் வயிற்றெரிச்சல் வேறு.

அவளுக்கு வயது முப்பத்தொன்பது. இரண்டு தடவை தங்கிய கரு இரண்டு தடவையும் கலைந்துவிட்டது. "இன்னும் ஒண்ணும் கெட்டுப்போகல. ஆனா இந்த வருஷத்தத் தள்ளிப் போட்டுடாதீங்க" என்று டாக்டரம்மா சொன்னதைக் கேட்டு, சந்தோஷத்தில் பஸ்ஸில் உட்காரக்கூட முடியாமல் நின்றுகொண்டே வீடு வந்தாள். வந்து பார்த்தால் அவன் கடை மாடியிலிருந்த தங்கள் அறையிலிருந்து படுக்கையைச் சுருட்டிக்கொண்டு கீழே ஊறுகாய் ஜாடிகள் இருக்கும் சரக்கறைக்குப் போயிருந்தான். உடம்பின் சாரம் விளக்கில் இருக்கும் எண்ணெயாம். சிந்தாமல் காத்தால் விளக்கு நெடுநாள் எரியுமாம்.

"உன் வெளக்கு எரிஞ்சு யாருக்குய்யா வெளிச்சம்?" என்று அன்றைக்கே கேட்டாள். அவன் கண்ணைத் திருப்பிக்கொண்டான்.

அழுது, சண்டை போட்டு, கொஞ்சம் இறங்கி வரவைத்தாள். இறங்கி வந்தவனுக்கு நாள்தான் கிடைக்கவில்லை. அமாவாசை ஆகாது, பௌர்ணமி ஆகாது, எந்தச் சாமிக்காவது பிறந்தநாள் என்றால் ஆகாது, காற்றடித்தால் ஆகாது, இடி இடித்தால் ஆகவே ஆகாது, ஆயுள் குறையும். இந்த மலையில் கோடை முழுக்க எந்த நாள்தான் இடிக்காமல் இருந்தது?

இன்று காலையும் அவள் மானத்தை விட்டுச் சரக்கறை வாசலில் போய் நின்றாள். அவன் வாய் நிறைய எச்சிலோடு கையைத் தூக்கி, பொறு என்று சைகை காட்டினான். நிதானமாக விழுங்கி முடித்த பிறகுதான் வாயைத் திறந்தான்.

"இன்னிக்கு மாசக் கடைசி, யூலான். அடுப்புச் சாமி மேலோகம் போய் நம்மளப் பத்திச் சொல்ற நாள்."

"போகட்டும். இந்த வீட்டுல ஒருத்தி ஒண்டியாக் கெடக்கறான்னு அதையும் சேத்துச் சொல்லச் சொல்லு."

டிரைவரின் தட்டு திரும்பி வந்ததும் அந்தக் கோபமெல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது. ஏப்ரனை அவிழ்த்துக் கல்லாமேல் எறிந்துவிட்டு யூலான் கிளம்பினாள். இவனைக் கெடுத்த பூசாரியை நாலு கேள்வி கேட்காமல் விடுவதில்லை என்று மலைப்படிகளில் மூச்சு வாங்க ஏறினாள்.

பெங் என்ற அந்தப் பூசாரியின் வீடு கோயிலுக்குப் பின்னால் இருந்தது. அவள் கால் வைக்கும் முன்பே பூண்டுத்தாளும் உப்புக்கண்டமும் வதங்கும் வாசனை வந்து மூக்கில் ஏறியது. பூசாரியின் மனைவி அடுப்படியில் நின்றாள். முதுகில் துணியால் கட்டிய குழந்தை அவள் கழுத்தைச் சப்பிக்கொண்டிருந்தது.

"வா தங்கச்சி, சாப்பிட்டியா? ஏன் மூஞ்சி இப்படிச் செவந்து கெடக்கு?"

"இது... இது யார் கொழந்தை?"

"வேற யாரோடது? எங்க மூணாவது. அவருக்கு அம்பது வயசாகுது, வெக்கமே இல்ல" என்று சிரித்தாள் அவள்.

பூசாரி கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு தோட்டத்திலிருந்து வந்தார். யூலான் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"ஏங்க பூசாரி ஐயா, உங்க வீட்டுல மட்டும் பூண்டு, உங்க வீட்டுல மட்டும் புள்ளை. என் புருஷனுக்கு மட்டும் ஊறுகா ஜாடி பக்கத்துல படுக்கையா?"

அவள் சொன்னதையெல்லாம் கேட்டு முடித்ததும் பூசாரி தலையில் அடித்துக்கொண்டார். "அடக் கடவுளே! நான் சொன்னது அரை வயிறு சாப்பிடு, சிகரெட்ட விடு, சீட்டாடாம நேரத்தோட தூங்குன்னு. மிச்சமெல்லாம் அவரா போன்ல தேடிப் புடிச்சது. அது உச்சி மடத்துல இருக்கற துறவிங்களுக்கு உள்ளதும்மா. அவங்களுக்குப் பொண்டாட்டி இல்ல, புள்ள இல்ல. குடும்பஸ்தன் அதப் புடிச்சுக்கிட்டா குடும்பம் என்னத்துக்கு?"

"அப்ப உங்ககிட்ட என்னதான் கேட்டாரு?"

"இன்னும் இருவது வருஷம் உசுரோட இருக்கணும், வழி சொல்லுங்கன்னாரு. நூறு வேணும்னு கேக்கறவங்களத்தான் பாத்திருக்கேன். அளந்து இருவது கேட்டவரு இவருதான். உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

யூலானுக்குத் தெரியாது. தெரியவில்லையே என்பதில் இன்னும் ஆத்திரம் வந்தது. படி இறங்கும்போது மலைக்குப் பின்னால் மேகம் கறுத்திருந்தது.

கடையில் சாப்பிட யாருமில்லை. தேகுவாங் திரும்பி வந்த தட்டை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அது என்னய்யா இருவது வருஷக் கணக்கு?" என்றாள் வாசலில் நின்றபடியே.

அவன் தட்டை ஓரமாக நகர்த்தினான். "எங்கப்பா நாப்பத்தாறுல செத்தாரு. அவங்கப்பாவும் அதே வயசுதான். வர்ற பனிக்காலத்துல எனக்கு நாப்பத்தாறு."

"அதுக்கு?"

"அப்பா போனப்ப எனக்கு நாலு வயசு. அவரு மூஞ்சியே ஞாபகம் இல்ல, யூலான். இருமல் சத்தம் மட்டுந்தான் ஞாபகம். நமக்கு ஒண்ணு பொறந்தா, அதுக்கு இருவது வயசாகற வரைக்குமாவது நான் இருக்கணும். மொதல்ல அத சேத்து வெச்சுக்கலாம்னு பாத்தேன். அதுக்குத்தான்..."

அவளுக்கு அவனை அறைய வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் கத்தினாள்.

"அட மடையா! யாருக்காகச் சேத்து வெக்கிறியோ அது வர்ற கதவையே சாத்திட்டு உக்காந்திருக்கியே! உனக்கு இருவது வருஷம் இருக்கோ இல்லையோ, எனக்கு இந்த ஒரு வருஷந்தான்யா இருக்கு! அதுல பாதிய நீ எச்சிலோட சேத்து முழுங்கிட்ட!"

பெஞ்சில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அப்போது மலை முழுக்க உருண்டு வந்து ஒரு பெரிய இடி விழுந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவன் திடுக்கிட்டு நாள்காட்டியைப் பார்ப்பது விரலிடுக்கில் அவளுக்குத் தெரிந்தது. பிறகு எழுந்து சரக்கறைக்குள் போனான். அவ்வளவுதான், இனி இவனிடம் பேசிப் பயனில்லை என்று அவள் நினைத்தாள்.

அவன் வெளியே வந்தபோது அக்குளில் சுருட்டிய படுக்கை இருந்தது. ஊறுகாய் வாடை கடை முழுக்க வீசியது. அவன் மாடிப்படியில் கால் வைத்தான்.

"இடி இடிக்குது" என்றாள் யூலான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"எனக்கும் காது கேக்குது. நீ ஷட்டர எறக்கு."