நாற்பத்து நான்கு பவுண்டு

டார்லா ஹைனோனென் புது வில்லைத் தோள் உயரத்துக்குத் தூக்கி நாணைப் பாதி தூரம் இழுத்தாள். அதற்கு மேல் வரவில்லை. வில்லைக் கூரையைப் பார்க்க உயர்த்தி, உடம்பு மொத்தத்தையும் சேர்த்து இழுத்தாள். வலது தோளுக்குள் வெடுக்கென்றது. பல்லைக் கடித்துக்கொண்டு நாணை மெல்ல விட்டுக்கொடுத்தாள்.

"அறுபது பவுண்டு இழுவை," என்றான் கடைக்காரன் நார்ப். "போன வருஷம் இழுத்ததுதான?"

"போன வருஷம் எனக்குத் தோளு இருந்துச்சு."

மர அறுவை ஆலையில் ஈரப் பலகையை இழுத்து அடுக்குகிற வேலை அவளுக்கு. தோள் தேய்ந்து கிழிந்து, மார்ச் மாதம் ஆஸ்பத்திரியில் தைத்தார்கள். பழைய வில்லை எவ்வளவு தளர்த்தினாலும் ஐம்பத்தைந்துக்குக் கீழே இறங்காது. அதனால்தான் இந்தக் கடை. கூப்பிடாமலே கூட வந்திருந்த தம்பி ஆர்னி, அந்தப் பக்கச் சுவரில் மாட்டியிருந்த குறுக்குவில்களைத் தடவிக்கொண்டிருந்தான்.

"இத வாங்கிட்டுப் போவியா, சும்மா மல்லுக்கட்டுற," என்றான். "நாண ஒரு தடவ மாட்டிட்டா போதும். துப்பாக்கி மாதிரி விசைய அழுத்துனா முடிஞ்சுது. ரோட்டோரக் கூடாரத்துல ஹீட்டர் போட்டு உக்காரலாம்."

"என் பரண்ல யாரு உக்காருவா?"

ஆர்னி குறுக்குவில்லைப் பார்த்தபடியே, "ட்ராய்," என்றான். ஆர்னியின் மகளைக் கட்டியவன்.

ஹைனோனென் வீட்டு வேட்டைக் குடிலில் அப்பா வைத்த சட்டம் ஒன்று உண்டு. ஐம்பது பவுண்டுக்குக் குறைந்த வில்லோடு யாரும் மரப்பரணில் ஏறக்கூடாது. தரையில்தான் உட்கார வேண்டும். வேட்டைப் பருவம் தொடங்குவதற்கு முந்தின ஞாயிறு, மானைத் தொங்கவிட்டு நிறுக்கிற தராசுக் கொக்கியில் ஒவ்வொருவர் நாணையும் மாட்டி இழுத்துப் பார்ப்பார்கள். அப்பா போனபிறகு தராசு ஆர்னி கைக்கு வந்துவிட்டது. தேவதாருச் சதுப்புக்குள் இருந்த டார்லாவின் பரணை அவன் மனதுக்குள் மருமகனுக்கு எழுதியே வைத்துவிட்டான்.

நார்ப் வேறொரு வில்லை எடுத்தான். குட்டை வில், இரு முனையிலும் கப்பிச் சக்கரம். ஸ்டூலை நகர்த்திப் போட்டான்.

"உக்காரு. காலத் தரையில வெக்காத. நேரா இழு, மேல தூக்காம. அப்பிடி வந்தாத்தான் அது உன் வில்லு."

ஐம்பதில் வந்தது, ஆனால் வில் ஆடிக்கொண்டே மேலே போனது. இழுவையைக் கூட்டிக் குறைக்கிற போல்ட்டை நார்ப் தளர்த்தினான். மறுபடி இழுத்தாள். மறுபடி தளர்த்தினான். நாற்பத்து நான்கில் நாண் கன்னத்துக்கு நேராக வந்து நின்றது. சக்கரம் உருண்டு முடிந்ததும் பாரம் சட்டென்று குறைந்துவிட, அவளால் மூச்சு விட்டபடி பிடித்திருக்க முடிந்தது. அம்பை விட்டாள். கோடியில் நின்ற ரப்பர் மானின் நெஞ்சில் போய் இறங்கியது.

நார்ப் குனிந்து அவள் காதோரம் சொன்னான்: "தராசு அன்னிக்கு மட்டும் போல்ட்ட ஏத்தித் தர்றேன். அம்பது காட்டும். மறுநாளே எறக்கிக்கோ. நெறைய பேரு பண்றதுதான்."

டார்லா கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்: "நாப்பத்தி நாலு. போல்ட்ட அப்பிடியே விடு. இதத்தான் எடுத்துக்கறேன்."

ஆர்னி திரும்பினான். "நாப்பத்தி நாலா? அது பொம்மக்கடை வில்லு."

"நீ எழுபது பவுண்டு வச்சு மானக் குண்டியில அடிச்ச. ரெண்டு நாளு சேத்துல தேடுனோம். கெடச்சுதா?"

நார்ப் இருமுவதுபோல் சிரித்தான். ஆர்னியின் கழுத்து சிவந்தது. "சட்டம் சட்டந்தான். பரணு ட்ராய்க்கு."

"ஏறச் சொல்லு, பாப்போம்."

தராசு ஞாயிறன்று அவள் குடில் பக்கமே போகவில்லை.

அக்டோபர் முதல் தேதி, விடிகிற நேரம். ஆர்னியும் ட்ராயும் பரண் அடியில் வந்து நின்றபோது மேலே ஒரு பூட்ஸ் தொங்கிக்கொண்டிருந்தது. வார்ப்பட்டையை மரத்தோடு மாட்டிக்கொண்டு டார்லா உட்கார்ந்திருந்தாள்.

"எறங்கு," என்றான் ஆர்னி. முதல் நாள் காட்டுக்குள் யாரும் வாய்விட்டுப் பேசமாட்டார்கள். அதனால் அந்தக் கோபத்தையும் அவன் கிசுகிசுப்பாகத்தான் காட்ட வேண்டியிருந்தது.

"மாட்டேன்."

"அப்பா சட்டம்டி இது!"

"அப்பாகிட்ட இருந்தது வளைச்ச கட்டை. அதுக்கு அம்பது வேணும். இதுல சக்கரம் இருக்கு, வேணாம்."

"நீ பாட்டுக்குக் காயப்படுத்தி ஓடவிட்டா?"

"அது உன் வேலை. காத்து உன் முதுகுலேர்ந்து சதுப்புக்குள்ள போவுது. நீ குடிச்ச காபி எனக்கே நாறுது, மானுக்கு நாறாதா?"

ஆர்னி கையை ஆட்டினான். கத்த வாய் திறந்தான், மூடினான். ட்ராய் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். "வா ஆர்னி. வெளுக்குது. எனக்குக் கூடாரமே போதும், ஹீட்டர் இருக்கு."

இருவரும் காலைப் பார்த்துப் பார்த்து வைத்துப் போனார்கள். அவ்வளவு கோபத்திலும் ஆர்னி ஒரு சுள்ளியைக்கூட முறிக்கவில்லை.

வெயில் தரையைத் தொட்டபிறகு கொழுத்த பெட்டை மான் ஒன்று பாசியைக் கடித்தபடி வந்தது. கல்லெறி தூரம்தான். டார்லா எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே, வில்லைத் தூக்காமல், அசைவே தெரியாதபடி மெல்ல மெல்ல இழுத்தாள். தோள் எரிந்தது. எரியட்டும். மான் தலையைத் தூக்கவில்லை. முன்னங்காலுக்குப் பின்னால் இருந்த மடிப்பைக் குறிவைத்து அம்பை விட்டாள். அம்பு ஊடுருவி அந்தப் பக்கம் போய்ப் பாசியில் குத்தி நின்றது. மான் துள்ளிப் பாய்ந்து ஓடியது. புதருக்குள் அது விழுகிற சத்தம் பரணுக்கே கேட்டது.

பொறுத்திருந்து இறங்கினாள். இடது கையால் வயிற்றைக் கீறிக் குடலை எடுத்தாள். கயிறு கட்டி இழுத்துப் பார்த்தாள். மான் ஒரு முழம் நகர்ந்தது. தோள் வேண்டாம் என்றது. போனை எடுத்தாள்.

"ஆர்னி. வந்து இழு."

வந்தான். மானைப் புரட்டி இந்தப் பக்கத் துளையைப் பார்த்தான், அந்தப் பக்கத் துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தான். விரலைப் பாசியில் துடைத்தான்.

"ரோட்டோரமா அடிச்சிருந்தா வண்டியிலயே ஏத்தியிருக்கலாம்," என்றான். "இந்தச் சேத்துல அரை மைலு இழுக்கணும்."

"ஆமா, இழுக்கணும். அடுத்த வருஷமும் இங்கேர்ந்துதான் இழுப்ப."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். குனிந்து கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டான். டார்லா வில்லை மட்டும் எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.